இரண்டே ஆண்டில் உச்சம், 10,000 பவுண்டு பாக்கியில் மூடல்: 'இமேஜின்' கேம் கம்பெனியின் கதை நமக்கு ஏன் முக்கியம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிபன் சாப்பிட வந்திருக்கிறீர்கள். கடை வாசலில் பெயர் கொடுத்தாயிற்று. கூப்பிட இன்னும் 20 நிமிடமாவது ஆகும். கை தானாகப் போனுக்குப் போகிறது. ஒரு கேமைத் திறக்கிறீர்கள், ஐந்து நொடியில் ஆட ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

1983-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவனுக்கு இதே 20 நிமிடம் கிடைத்திருந்தால், கேமை நாலு தடவை 'லோடு' செய்யத்தான் நேரம் இருந்திருக்கும். அந்தக் காலத்து கேம், ஆடியோ கேசட்டில் வந்தது. நம் வீடுகளில் இளையராஜா பாட்டு கேட்ட அதே மாதிரி கேசட்தான்.

அந்தக் கேசட்டுகளை விற்றுப் பணக்காரர்களான சில இருபது வயதுக்காரர்களின் கதை இது. அவர்கள் கம்பெனியின் பெயர் 'இமேஜின் சாஃப்ட்வேர்'. ஊர் லிவர்பூல். தொடங்கியது 1982. நீதிமன்றம் அதை இழுத்து மூடியது 9 ஜூலை 1984.

தேதி எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நெட்ஃபிளிக்ஸில் 2018 டிசம்பரில் வந்த 'பிளாக் மிரர்: பேண்டர்ஸ்னாட்ச்' படம் தொடங்குவது அந்த நாளில்தான். 'பேண்டர்ஸ்னாட்ச்' என்பது இமேஜின் கடைசிவரை முடிக்காமல் போன கேமின் பெயர்.

ஸ்டார்ட்அப்பில் வேலை பார்ப்பவரா நீங்கள்? அல்லது சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் 40 வருடத்துக்கு முந்தைய இந்தக் கதை உங்களுக்குத்தான்.

முதல்ல, கேம் 'பப்ளிஷர்' என்றால் யார்?

கேமை எழுதுபவர் டெவலப்பர். அதைக் காசு போட்டுப் பிரதி எடுத்து, அட்டை போட்டு, விளம்பரம் கொடுத்து, கடைக்கு அனுப்பி, வசூலிப்பவர் பப்ளிஷர். புத்தகத்துக்கு எழுத்தாளர், பதிப்பகம் மாதிரி.

1980-களின் தொடக்கத்தில் இந்த இரண்டு வேலைக்கும் நடுவே பெரிய சுவர் இல்லை. படுக்கையறையில் உட்கார்ந்து ஒருவர் கேம் எழுதுவார். வீட்டிலேயே கேசட்டில் பதிவார். கணினிப் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுப்பார். தபாலில் காசோலை வரும், தபாலில் கேசட் போகும். அவ்வளவுதான் தொழில்.

இது சாத்தியமானதற்குக் காரணம் மலிவான ஒரு பெட்டி. 23 ஏப்ரல் 1982 அன்று சர் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை அறிமுகம் செய்தது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு. 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. வீட்டு டிவியில் சொருகினால் திரை தயார். வீட்டு டேப் ரெக்கார்டரைச் சொருகினால் கேமை ஏற்றலாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோபைட் என்றால் 49,152 பைட். எட்டால் பெருக்கினால் 3,93,216 பிட். டேப்பிலிருந்து கணினிக்குள் போகும் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 பிட். வகுத்தால் 262 நொடி, அதாவது நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் டேப் சிக்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

நீங்கள் இன்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஒரு இட்லி போட்டோகூட 48 கிலோபைட்டைத் தாண்டிவிடும். அந்த இடத்துக்குள் ஒரு முழு கேமையே அடக்கினார்கள்.

இமேஜின் எப்படி இவ்வளவு சீக்கிரம் மேலே போனது?

லிவர்பூலில் ஏற்கெனவே 'பக்-பைட்' என்ற கேம் பப்ளிஷர் இருந்தது. அங்கே வேலை பார்த்த மார்க் பட்லர், டேவிட் லாசன் இருவரும் வெளியே வந்து 1982-ல் தொடங்கியதுதான் இமேஜின். லாசன் எழுதிய 'ஆர்காடியா' முதல் கேம். விண்வெளியில் சுட்டுத்தள்ளும் எளிமையான ஆட்டம். அந்தக் கிறிஸ்துமஸ் சீசனில் அமோகமாக விற்றது. விலை 5.50 பவுண்டு.

நகரத்தின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிவர்பூல் துறைமுக நகரம். 80-களின் தொடக்கத்தில் துறைமுக வேலையும் தொழிற்சாலை வேலையும் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. மும்பையில் அதே 1982-ல்தான் ஜவுளி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பரேல், லால்பாக் பக்கம் மில்கள் மூடப்பட்ட கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒரு ஊரில், பள்ளி முடித்த பையன்கள் கணினியில் எழுதிச் சம்பாதிக்கிறார்கள் என்றால் பத்திரிகைகள் விடுமா?

இமேஜினுக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது. கம்பெனியின் செயல்பாடுகளையும் விளம்பரத்தையும் கவனித்தவர் புரூஸ் எவரிஸ். லிவர்பூலில் 'மைக்ரோடிஜிட்டல்' என்ற கணினிக் கடையை 1978-லேயே நடத்தியவர். யூஜின் எவன்ஸ் என்ற பதின்வயது புரோகிராமர் ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பாதிப்பதாகச் செய்தி வந்தது. விலையுயர்ந்த கார்களின் படங்கள் வந்தன. கேமைவிட கேம் எழுதியவர்கள் பிரபலமானார்கள்.

உண்மையில் நல்ல வேலையும் நடந்தது. ஜான் கிப்சன் எழுதிய 'ஜூம்', 'ஸ்டாங்கர்ஸ்' போன்ற கேம்கள் அந்தச் சின்ன நினைவகத்துக்குள் பெரிய முயற்சிகள். அட்டைப்படமும் விளம்பரமும் மற்ற கம்பெனிகளைவிட பளிச்சென்று இருந்தன. இன்று 'பிராண்டிங்' என்று நாம் சொல்வதை, பிரிட்டிஷ் கேம் தொழிலில் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் இமேஜினுக்கு முக்கிய இடம் உண்டு.

சரி, அப்புறம் என்னாச்சு?

மூன்று விஷயங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன.

ஒன்று, சரக்கு. 1983 கிறிஸ்துமஸுக்கு முன் கேசட் பிரதி எடுக்கும் ஒரு பெரிய தொழிற்கூடத்தின் மொத்த நேரத்தையும் இமேஜின் முன்பதிவு செய்தது. போட்டிக் கம்பெனிகளுக்குப் பிரதி எடுக்க இடம் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். போட்டியாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். விற்காத கேசட்டுகள் இமேஜின் தலையில் மலையாகக் குவிந்தன. கேசட் தேங்காய் மாதிரி இல்லை, பத்து நாள் வைத்திருந்து விற்கலாம் என்பதற்கு. சீசன் போனால் போனதுதான்.

இரண்டு, திருட்டுப் பிரதி. இரண்டு டேப் ரெக்கார்டர் இருந்தால் எந்தப் பையனும் கேமை நண்பனுக்குப் பதிந்து கொடுக்கலாம். இதைத் தடுக்கத் தெளிவான சட்டமும் அப்போது இல்லை. கணினி மென்பொருளுக்குப் பதிப்புரிமை உண்டு என்று பிரிட்டன் தனிச்சட்டம் போட்டுத் தெளிவுபடுத்தியது 1985-ல். இமேஜின் செத்து ஒரு வருடம் கழித்து.

மூன்றாவது விஷயம்தான் ஆளைக் கவிழ்த்தது. 'மெகாகேம்' என்ற கனவு. 'பேண்டர்ஸ்னாட்ச்', 'சைக்ளாப்ஸ்' என்று இரண்டு கேம்கள். கேசட்டோடு கணினியின் பின்னால் சொருகும் ஒரு தனிக் கருவியும் சேர்ந்து வரும். நினைவகம் கூடும், எனவே கேம் பெரிதாகும். கருவி இல்லாமல் ஓடாது, எனவே பிரதி எடுக்கவும் முடியாது. யோசனை புத்திசாலித்தனமானதுதான். ஆனால் உத்தேச விலை 40 பவுண்டு அளவில். வழக்கமான கேமின் ஏழு மடங்கு.

இன்னொரு சிக்கல், கேம் தயாராகும் முன்பே முழுப் பக்க விளம்பரங்கள் வந்துவிட்டன. அதை எழுதுபவர்களின் படத்தைப் போட்டு, இதோ வருகிறது என்றார்கள். மாதாமாதம் சம்பளம் போனது, வாடகை போனது, விளம்பரச் செலவு ஏறியது. அதற்கு ஈடான வருமானம் வரவில்லை.

இந்த நேரத்தில் பிபிசி தொலைக்காட்சிக் குழு உள்ளே இருந்தது. 'கமர்ஷியல் பிரேக்ஸ்' என்ற நிகழ்ச்சிக்காக, வளரும் இளைஞர் கம்பெனியின் வெற்றிக் கதையைப் படம் பிடிக்க வந்தவர்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பாக்கிக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வந்து நின்றார்கள். வெற்றிக் கதை எடுக்க வந்த இடத்தில் வீழ்ச்சிக் கதை பதிவானது. 13 டிசம்பர் 1984 அன்று ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சி, கேம் தொழிலின் மிக அரிய ஆவணங்களில் ஒன்று.

1984 ஜூன் கடைசியில் விளம்பரப் பாக்கிக்காக ஒரு பத்திரிகை நிறுவனம் வழக்குப் போட்டது. அது எப்படியோ தீர்ந்தது. அடுத்து வந்த இன்னொரு வெளியீட்டாளரின் பாக்கி 10,000 பவுண்டு. அதைக் கட்ட முடியவில்லை. 9 ஜூலை அன்று லண்டன் உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

10,000 பவுண்டு என்பது எவ்வளவு? 5.50 பவுண்டு விலையில் ஏறக்குறைய 1,820 கேசட்டின் கடை விலை. ஒரு காலத்தில் அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத தொகை. மொத்தக் கடன் லட்சக்கணக்கான பவுண்டுகள் இருந்தது உண்மை. ஆனால் கதவை மூடியது சின்னப் பாக்கிதான்.

எண்களில் இமேஜின்

- தொடங்கிய ஆண்டு: 1982
- ஒரு கேசட்டின் விலை: 5.50 பவுண்டு
- மெகாகேமின் உத்தேச விலை: சுமார் 40 பவுண்டு
- வெளிவந்த மெகாகேம்கள்: 0
- கம்பெனியை மூட வைத்த பாக்கி: 10,000 பவுண்டு
- மூடப்பட்ட நாள்: 9 ஜூலை 1984

வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்க?

கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கம்பெனி போனது, கைத்தொழில் போகவில்லை.

ஜான் கிப்சன் உட்பட இமேஜின் ஊழியர்கள் சிலர் சேர்ந்து அதே ஆண்டில் 'டென்டன் டிசைன்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். மற்ற பப்ளிஷர்களுக்கு கேம் செய்து கொடுக்கும் குழு. 1985-ல் இவர்கள் செய்த 'பிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' அந்தக் காலத்தின் பேசப்பட்ட கேம்களில் ஒன்று. 'இமேஜின்' என்ற பெயரை மான்செஸ்டரின் 'ஓஷன்' நிறுவனம் வாங்கிக்கொண்டு, தன் கேம்களுக்கு ஒட்டும் லேபிளாகப் பயன்படுத்தியது.

டேவிட் லாசனும், இமேஜினில் நிதி நிர்வாகம் பார்த்த இயன் ஹெதரிங்டனும், ஜோனதன் எல்லிஸும் சேர்ந்து லிவர்பூலிலேயே 'சிக்னாஸிஸ்' என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். முடிக்காமல் போன பேண்டர்ஸ்னாட்ச் யோசனைதான் 'பிராட்டாக்கஸ்' என்று அங்கே முதல் கேமாக வந்தது. 1991-ல் அவர்கள் வெளியிட்ட 'லெம்மிங்ஸ்' உலகப் புகழ் பெற்றது. அதை எழுதியது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து 'டிஎம்ஏ டிசைன்'. பின்னாளில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வைத் தொடங்கியவர்களும் அவர்களே. 1993-ல் சோனி சிக்னாஸிஸை வாங்கியது. 1995-ல் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் வந்தபோது அதன் முகமாக இருந்த 'வைப்அவுட்' இவர்கள் கேம்தான். 2012-ல் சோனி அந்த ஸ்டூடியோவை மூடியது.

ஆக, 1984-ல் 10,000 பவுண்டுக்குத் தடுமாறிய ஒரு ஆபீஸின் ஆட்கள், ஒன்பது வருடத்தில் சோனி தேடி வந்து வாங்கும் கம்பெனியைக் கட்டியிருந்தார்கள்.

அப்போ மாட்டுங்காவில் ஏன் ஒரு இமேஜின் வரவில்லை?

நியாயமான கேள்வி. ஆள் இல்லாமலா? விஜேடிஐ பொறியியல் கல்லூரி 1923-லிருந்து மாட்டுங்காவில் இருக்கிறது. கணக்கில் புலியான பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் வேண்டுமென்றால் லாமிங்டன் ரோடு, ரயிலில் சில ஸ்டேஷன்தான்.

இல்லாமல் போனது நாலு விஷயம்.

வீட்டில் கணினி இல்லை. 175 பவுண்டு என்றால் 1982-ல் மூவாயிரம் ரூபாய்க்கு அருகில். அதற்கு மேல் இறக்குமதித் தீர்வை. நடுத்தரக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாது. கணினி இறக்குமதியைத் தளர்த்திய கொள்கையை ராஜீவ் காந்தி அரசு அறிவித்தது 1984 நவம்பரில். 'டெசிபெல்ஸ்' நிறுவனம் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை இந்தியாவில் கொண்டுவந்தது 1986-ல். அதற்குள் இங்கிலாந்தில் அந்த அலையே முதிர்ந்துவிட்டது.

திறமைக்கு வேறு கிராக்கி. மும்பையில் டிசிஎஸ் 1968-லேயே வந்துவிட்டது. சாந்தாகுரூஸ் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி மண்டலமான சீப்ஸ் 1973-ல் வந்தது. அன்னியச் செலாவணி தட்டுப்பாடு நிலவிய காலம். மென்பொருள் எழுதினால் ஏற்றுமதிக்கு எழுது என்பதுதான் அரசு காட்டிய வழி. நன்றாக கோடு எழுதத் தெரிந்தவருக்கு வங்கிக்கும் காப்பீட்டுக்கும் எழுதும் வேலை, பிறகு அமெரிக்க விமானம். கேம் எழுதுகிறேன் என்று வீட்டில் சொன்னால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளியில் வந்தது, பைக்குள் வரவில்லை. மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் 1984-85 தொடங்கிப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. ஆனால் வாரத்தில் ஒரு பீரியட், செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் ஏசி அறை, ஒரு கணினிக்கு நாலைந்து பேர். ராத்திரி இரண்டு மணி வரை தனியாக உட்கார்ந்து தப்புத் தப்பாக எழுதிப் பார்க்க இடமில்லை. லிவர்பூல் பையன்கள் கற்றது அப்படித்தான்.

வசூலிக்க வழி இல்லை. சட்டம் இங்கே சீக்கிரமே வந்தது. 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் கணினி நிரல் சேர்க்கப்பட்டது. பிரிட்டனைவிட ஒரு வருடம் முன்னால்! ஆனால் காகிதத்தில் சட்டம் இருந்தால் கடையில் காசு வந்துவிடாது. 90-களில் லாமிங்டன் ரோடோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, பர்மா பஜாரோ, எங்கே போனாலும் நாம் வாங்கியது பெரும்பாலும் நகல் சிடிதான். டிவி கேமில் ஆடிய 'கான்ட்ரா', 'மாரியோ' கேசட்டுகளும் அப்படியே. நாம் எல்லோரும் ஆடினோம். எழுதியவருக்கு ஒரு பைசா போகவில்லை.

இந்தியாவில் முதல் பப்ளிஷர்கள் எப்போது வந்தார்கள்?

பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-ல் 'துருவா இன்டராக்டிவ்' நிறுவனத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு கேம் வேலை செய்து கொடுத்து நின்று காட்டிய நிறுவனம்.

மும்பையில் விஷால் கோண்டல் 1999-ல் 'இந்தியாகேம்ஸ்' தொடங்கினார். கார்கில் போர் நடந்த ஆண்டு. 'ஐ லவ் இந்தியா' என்ற சின்ன கேமை இணையத்தில் விட்டார், பரபரப்பாகப் பேசப்பட்டது. கடையில் கேசட் விற்ற இமேஜின் பாதை இங்கே செல்லாது என்பதால், முதலில் கம்பெனிகளுக்கு விளம்பர கேம்கள் செய்தார்கள். பிறகு மொபைல் போன் கேம்களுக்கு மாறினார்கள்.

ஏன் மொபைல்? வசூல் பிரச்சினைக்கு அங்கேதான் தீர்வு இருந்தது. கேமின் விலையை டெலிகாம் கம்பெனி உங்கள் ப்ரீபெய்டு பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளும். கிரெடிட் கார்டு வேண்டாம், கடை வேண்டாம். ஆனால் வசூலிப்பவன் கையில்தானே பிடி? பெரும்பங்கை டெலிகாம் நிறுவனங்களே வைத்துக்கொண்டன. இந்தியாகேம்ஸில் 2005 வாக்கில் சீனாவின் 'டாம் ஆன்லைன்' பெரும்பங்கு எடுத்தது. 2007-ல் யுடிவி வந்தது. 2011-12-ல் டிஸ்னி வசம் போனது.

இன்று அந்தப் பிடி ஆப் ஸ்டோர்களிடம் இருக்கிறது. பெரிய வருமானம் உள்ள ஆப்களுக்கு 30 சதவீதம் என்பது நீண்ட காலம் நிலவிய வழக்கம். 1983-ல் கேசட் பிரதி எடுக்கும் கூடத்தை யார் பிடிப்பது என்று சண்டை. இன்று உங்கள் போன் திரையில் முதல் வரிசையை யார் பிடிப்பது என்று சண்டை.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

இமேஜினின் கடைசி ஆறு மாதத்தை ஒரு ஊழியரின் நாற்காலியிலிருந்து பாருங்கள். உங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்க்க நாலு கேள்விகள் கிடைக்கும்.

1. தயாராகாத ஒன்றுக்கு விளம்பரம் ஓடுகிறதா? எத்தனை மாதமாக?
2. கம்பெனியைப் பற்றி வரும் செய்தி, அது விற்பதைப் பற்றியா, செலவழிப்பதைப் பற்றியா?
3. சின்னச் சின்ன சப்ளையர்களின் பில் நிற்கிறதா? டீக்கடைக்காரர், பிரிண்டர், டாக்ஸி ஏஜென்சி. இவர்களிடம் பேசினால் பேலன்ஸ் ஷீட்டைவிட முன்னதாக விஷயம் தெரியும்.
4. நாளைக்கே கதவு மூடினால், நீங்கள் செய்த வேலை என்று காட்ட உங்கள் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?

நாலாவது கேள்விதான் முக்கியம். ஜான் கிப்சன் போன்றவர்கள் உடனே அடுத்த குழுவைக் கட்ட முடிந்ததற்கு ஒரு காரணம், யார் எந்த கேமை எழுதினார்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. இமேஜினின் விளம்பரமோகம் கம்பெனியைக் கெடுத்தது, ஆனால் எழுதியவர்களின் பெயரை வெளியே கொண்டுவந்ததும் அதே விளம்பரம்தான்.

நம் பக்கம் அது நடக்கவில்லை. 40 வருடத்துக்கு முந்தைய ஸ்பெக்ட்ரம் கேம்களை ஆர்வலர்கள் டேப்பிலிருந்து எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் 'ஆர்காடியா' ஆட முடியும். ஆனால் 2005-ல் நீங்கள் பட்டன் போனில், லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே ஆடிய கிரிக்கெட் கேமை எழுதியவர் யார்? பெயர் தெரியுமா? அந்த போன் மாடல் போனது, அதை இறக்கிய டெலிகாம் தளம் போனது, கேமும் அதோடு போனது. அதை எழுதியவர் இப்போது செம்பூரிலோ, தானேயிலோ, நியூ ஜெர்சியிலோ வேறு வேலையில் இருக்கலாம். உங்கள் டீம் மேனேஜராகக்கூட இருக்கலாம்.

அடுத்த முறை கிங்ஸ் சர்க்கிளில் டிபன் முடித்து வரும்போது, நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டித்தான் வருவீர்கள். அங்கே மங்கிப்போன புத்தகத்தில்கூட எழுதியவர் பெயர் அட்டையிலேயே இருக்கும். வீட்டு அலமாரியில் உங்கள் பழைய நோக்கியா கிடந்தால், தூக்கிப் போடும் முன் ஒருமுறை சார்ஜ் போட்டுப் பாருங்கள். கேமைத் திறந்து 'அபௌட்' என்று இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். ஏதாவது பெயர் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.